கட்டுவதா, மறுப்பதா? முதலில் பலகையைப் போய்ப் பாருங்கள்

2026 ஜனவரி 1 முதல் போக்குவரத்துச் சம்மனுக்குப் புதிய கணக்கு வந்துவிட்டது. 15 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை. 16-ஆம் நாளிலிருந்து 30-ஆம் நாள் வரை 33 விழுக்காடு தள்ளுபடி. 31 முதல் 60-ஆம் நாள் வரை முழுத் தொகை. அதற்கும் மேல் போனால் நீதிமன்றம். போலீஸ் கொடுத்தாலும் ஜேபிஜே கொடுத்தாலும் இதே முறைதான். பெருநாள் தள்ளுபடி வரட்டும் என்று சம்மன்களை ஆண்டுக்கணக்கில் அலமாரியில் சேர்த்து வைக்கும் மாமாக்கள் நம் எல்லார் குடும்பத்திலும் உண்டு. 2018-இல் நிலுவையில் கிடந்த ஏஇஎஸ் கேமரா சம்மன்களை அரசாங்கம் ரத்து செய்தபோது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்தப் பழக்கத்துக்கு இந்தப் புதிய முறை நல்ல மருந்து. இதில் எனக்கு மறுப்பு இல்லை.

என் கவலை வேறு. கட்ட வேண்டியவர்களைச் சீக்கிரம் கட்ட வைக்கும் அதே 15 நாள், கேள்வி கேட்க வேண்டியவர்களையும் சீக்கிரம் வாயடைத்துவிடுகிறது. 300 வெள்ளி சம்மன் என்றால், பேசாமல் கட்டினால் 150. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி வாங்கும் ஒருவருக்கு அது இரண்டு நாள் கூலிக்கும் மேல். முழுத் தொகை என்றால் ஏறக்குறைய நாலரை நாள் கூலி. பகுதி நேர வேலை பார்த்துப் படிக்கும் மாணவனிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் அவன் என்ன செய்வான்? நியாயம் தன் பக்கம் இருப்பதாக நினைத்தாலும் கைப்பேசியை எடுத்து 150-ஐக் கட்டிவிட்டு, இரண்டு நாள் புலம்பிவிட்டு மறந்துவிடுவான். அவனோடு சேர்ந்து அந்த இடத்தின் அறிவிப்புப் பலகையையும் எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

நான் கட்டட, சாலைப் பொறியியல் படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவி. அப்பாவின் காரைத்தான் ஓட்டுகிறேன். சென்ற மாதம் ஒரு மாநிலச் சாலையில் நான் மணிக்கு 82 கிலோமீட்டர் வேகத்தில் போனதாகவும், அங்கே வரம்பு 60 என்றும் அப்பா பெயருக்கு நோட்டீஸ் வந்தது. வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான் கடிதம் வரும். மாநிலச் சாலைகளில் பொதுவான வரம்பு 90. இடையில் 60 என்று குறைத்திருந்தால், அதை ஓட்டுநருக்குச் சொல்வது சாலையோரம் நிற்கும் ஒரு வட்டப் பலகை மட்டுமே. அந்தப் பலகை என் கண்ணில் படவே இல்லை. ஊர் பெயரை நான் எழுதவில்லை. விவகாரம் இன்னும் முடியவில்லை, அதனால்தான்.

அப்பா லாரி ஓட்டுநர். அவர் சொன்னது இதுதான்: “வண்டி படத்துல இருக்கு. நூத்தி அம்பது வெள்ளி. கட்டிட்டு படிக்கிற வேலையைப் பாரும்மா. இதுக்குப் போயி கோர்ட்டு வாசல்ல நிக்கணுமா?”

நம் வீடுகளில் பெரும்பாலும் இந்த உரையாடல் இங்கேயே முடிந்துவிடும். சம்மனை மறுப்பது என்றாலே வம்பு, போலீசோடு மல்லுக்கு நிற்பது என்ற எண்ணம் நமக்கு. எனக்கும் முதல் இரண்டு நாள் என்ன செய்வதென்று தெரியவில்லை. முடிவு எடுக்க உதவியது என் அத்தை மகனுக்குச் சென்ற ஆண்டு வந்த சம்மன்.

அவனுக்கும் இதே போல் நெடுஞ்சாலைக்கு வெளியே ஒரு கிளைச் சாலையில் வேகச் சம்மன். “பலகையே இல்லடி, சத்தியமா இல்ல” என்று ஒரு வாரம் குடும்பமே கேட்கும்படி கத்தினான். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு அந்தச் சாலைக்கு நானும் போனேன். பலகை இருந்தது. ஒன்றல்ல, மூன்று. முதல் பலகை 150 மீட்டர் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை. திரும்பும் வழியில் கைப்பேசியிலேயே பணத்தைக் கட்டினான். அன்று வாய்ச்சண்டையில் தீராத ஒன்று அரை மணி நேரத்தில் தீர்ந்தது.

சம்மன் வந்ததும் நம் வாயிலிருந்து வரும் வாக்கியங்கள் மூன்று வகை. “நான் பார்க்கவில்லை” என்பது ஒன்று. “யாராலும் பார்க்க முடியாது” என்பது இன்னொன்று. “இந்த இடத்துக்கு 60 என்பதே அநியாயம்” என்பது மூன்றாவது. கோபத்தில் மூன்றும் ஒன்றாகக் குழைந்து வரும். ஆனால் மூன்றும் வேறு வேறு. நான் பார்க்கவில்லை என்பது என்னைப் பற்றிய செய்தி. அதற்கு அதிகாரி என்ன செய்ய முடியும்? பார்க்காத காரணம் கைப்பேசியாகவும் இருக்கலாம், பக்கத்து இருக்கைத் தோழியாகவும் இருக்கலாம். வரம்பு சரியில்லை என்பது சட்டமன்ற உறுப்பினரிடமோ சாலையைப் பராமரிக்கும் தரப்பிடமோ கொண்டுபோக வேண்டிய வழக்கு. சம்மனை அது அசைக்காது. நடுவில் இருக்கும் வாக்கியம் மட்டும்தான் பலகையைப் பற்றியது, சோதித்துப் பார்க்கக் கூடியது. இந்தச் சாலைக்குப் புதிதாக வரும், சாலையைக் கவனித்து ஓட்டும் ஒருவருக்கு அந்த வரம்பு தெரிந்திருக்க வாய்ப்பு இருந்ததா, இல்லையா? என் கருத்தில் சம்மனை மறுப்பதா வேண்டாமா என்பதற்கு இந்த ஒரு கேள்வி போதும்.

அதற்கு விடை வீட்டு நாற்காலியில் கிடைக்காது. ஐந்தாம் நாள் காலையில் அத்தை மகனைக் கூட்டிக்கொண்டு நான் போனேன். (தனியாகப் போகாதீர்கள். வண்டியைச் சாலையோரம் நிறுத்தாமல் தள்ளி எங்காவது நிறுத்திவிட்டு நடந்து போங்கள். பலகையைப் படம் எடுக்கப் போய் லாரியில் அடிபட்டான் என்று பெயர் வாங்க வேண்டாம்.)

பலகை இருந்தது. இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சாலையோர மரத்தின் கிளை ஒன்று அதன் முகத்துக்கு முன்னால் தொங்கியது. வளைவு வேறு. சர்வே வகுப்பில் ஓர் அடிக்கு ஒரு மீட்டர் என்று எண்ணி நடக்கப் பழகியிருக்கிறேன். பலகையிலிருந்து பின்னோக்கி நடந்தேன். 26 மீட்டருக்கு அப்பால் எண் தெரியவில்லை, இலைதான் தெரிந்தது. மணிக்கு 82 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 22.8 மீட்டர். அதாவது அந்த எண்ணைப் பார்க்க ஓட்டுநருக்குக் கிடைப்பது ஒரு விநாடிக்குச் சற்று மேல். சாலை வடிவமைக்கும்போது ஓட்டுநர் ஒன்றைக் கண்டு, புரிந்துகொண்டு, பிரேக்கில் கால் வைக்க 2.5 விநாடி ஒதுக்குவது வழக்கம். அந்த 2.5 விநாடிக்குள் வண்டி 57 மீட்டர் ஓடிவிடும். எதிர்த் திசையில் வருபவர்களுக்கான பலகையையும் பார்த்தேன். அது வெட்டவெளியில் அழகாக நின்றது. இந்தப் பக்கத்தில் மறு பலகை எதுவும் இல்லை.

அங்கே நின்றபோதுதான் இன்னொன்றையும் பார்த்தேன். வளைவைத் தாண்டியதும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு குடியிருப்பு. பள்ளி பஸ் நிற்பது சாலையின் எதிர்ப்புறம். பிள்ளைகள் சாலையைக் கடந்துதான் போக வேண்டும். காலை 6.40-க்கு நம் நாட்டில் இன்னும் இருட்டுதான் என்பது உங்களுக்கே தெரியும். அந்த நேரத்தில் பலகையில் வண்டியின் வெளிச்சம் பட்டு மின்ன வேண்டும். இலையில் பட்டால் என்ன மின்னும்? அந்த இடத்துக்கு 60 மிகச் சரியான வரம்பு. 82-இல் போகும் காருக்கு உள்ள விசையாற்றல் 60-இல் போகும்போது இருப்பதைவிட ஏறக்குறைய இரு மடங்கு. நான் வாதாடுவது அந்த வரம்புக்கு எதிராக அல்ல. அந்த வரம்பு அந்தப் பிள்ளைகளுக்காக வைக்கப்பட்டது, ஆனால் அது ஓட்டுநர்களிடம் போய்ச் சேரவில்லை. நான் 150 வெள்ளி கட்டியிருந்தால் கிளை அப்படியேதான் தொங்கிக்கொண்டிருந்திருக்கும். எனக்கு முன்னால் எத்தனை பேர் அப்படிக் கட்டிவிட்டுப் போனார்களோ!

இனி, மறுப்பது என்றால் என்ன என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நம்மில் பலருக்கு அது படம் போல் நீதிமன்றக் காட்சியாகத் தோன்றுகிறது. முதல் படி அதுவல்ல. சம்மனை வெளியிட்ட தரப்புக்கு எழுத்து மூலம் முறையிடுவதுதான் முதல் படி: இந்தத் தேதி, இந்த இடம், இந்தக் காரணம், இதோ படங்கள். அவர்கள் ஏற்காவிட்டால் அபராதத்தைக் கட்டி முடித்துக்கொள்ளலாம், அல்லது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் குற்றத்தை மறுத்து விசாரணை கோரலாம். அங்கே தோற்றால் 150 என்ற பேச்சே இல்லை. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 40-ஆவது பிரிவில் வேகக் குற்றத்துக்கு 300 முதல் 2,000 வெள்ளி வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. வகுப்பைத் தவறவிட வேண்டும், ஊர் தூரமாக இருந்தால் எண்ணெய்க் காசு வேறு. இதையெல்லாம் மறைத்துவிட்டு “உரிமைக்குப் போராடுங்கள்” என்று உங்களை உசுப்பிவிட எனக்கு விருப்பமில்லை. முறையிட்டிருக்கிறோமே என்று 15 நாளை மறந்துவிடவும் வேண்டாம். கடிதத்தை முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். பதில் வரும்வரை தள்ளுபடி நாள் ஓடுமா நிற்குமா என்பதை அதே கடிதத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஆதாரம் திரட்டுவதில் வரிசை முக்கியம். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. முதலில் படம், பிறகுதான் புகார். புகார் கொடுத்ததும் ஆள் வந்து கிளையை வெட்டிவிட்டால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. ஓட்டுநர் கண் உயரத்திலிருந்து, ஓட்டுநர் வரும் தடத்தின் ஓரத்திலிருந்து, 100 மீட்டர், 50 மீட்டர், 25 மீட்டர் என்று தூரம் வாரியாக எடுங்கள். பலகைக்கு முன்னால் போய் நின்று கிளையை மட்டும் பெரிதாக்கி எடுத்தால் அது சண்டைக்காரன் படம், சாட்சி அல்ல. சம்மனில் உள்ள நேரத்திலேயே போய் எடுத்தால் இன்னும் நல்லது. கூகல் ஸ்திரீட் வியூவில் அந்த இடத்தைத் தேடிப் பாருங்கள். படத்தில் மாதமும் ஆண்டும் இருக்கும். மரம் எப்போதிலிருந்து வளர்ந்து வருகிறது என்பதை அதுவே சொல்லிவிடலாம். காரில் டேஷ்கேம் இருந்தால் அன்றே பதிவைச் சேமித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் அதன் மேலேயே புதிய பதிவு ஏறிவிடும்.

புகார் யாரிடம்? சம்மன் அனுப்பியவர் ஒருவர், பலகைக்குப் பொறுப்பானவர் இன்னொருவர். சாலை எண்ணைப் பாருங்கள். வெறும் எண் என்றால் கூட்டரசுச் சாலை, பொதுப்பணி இலாகா, அதாவது ஜேகேஆர். ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தோடு எண் வந்தால் அது நெடுஞ்சாலை. அதை நடத்தும் நிறுவனம் ஒன்றிருக்கும், அதற்கு மேல் மலேசிய நெடுஞ்சாலை வாரியம். மாநிலத்துக்கு உரிய எழுத்தோடு எண் வந்தால் அது மாநிலச் சாலை. பேராக்கிற்கு ‘ஏ’, சிலாங்கூருக்கு ‘பி’, ஜொகூருக்கு ‘ஜே’. குடியிருப்புக்குள் ஓடும் சிறிய சாலைகள் பெரும்பாலும் நகராண்மைக் கழகத்தின் கையில் இருக்கும். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் எல்லாப் புகாரையும் முகநூலில் கொட்டுகிறோம். அங்கே 200 பேர் சிரிப்புக் குறி போடுவார்கள். கிளை வெட்டும் ஆள் அங்கே இல்லை.

வாகனமோட்டும் பயிற்சிப் பள்ளியில் நாம் எல்லாரும் 50 கேள்விகளில் 42-க்காவது சரியாகப் பதில் சொல்லித்தான் வெளியே வந்தோம். ஒவ்வொரு பலகைக்கும் என்ன பொருள் என்று மனப்பாடமாகத் தெரியும். பலகை மறைந்திருந்தால், சாய்ந்திருந்தால், வெயிலில் எண் வெளுத்துப்போயிருந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு வரிகூட அங்கே எனக்குச் சொல்லித் தந்ததாக நினைவில்லை.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கசப்பானது. நோட்டீஸ் வண்டி உரிமையாளர் பெயரில் வருவதால் நம் வீடுகளில் ஓர் எளிய வழி கடைப்பிடிக்கப்படுகிறது. பிள்ளையிடம் இருப்பது ‘பி’ லைசென்ஸ், இரண்டு ஆண்டு முடியும்வரை அது பத்திரமாக இருக்கட்டும் என்று பெற்றோரே தங்கள் பெயரில் கட்டி முடித்துவிடுகிறார்கள். ஓட்டியது யார் என்று தெரிவிக்க வேண்டியது உரிமையாளரின் கடமை. 2017 ஏப்ரலில் நடப்புக்கு வந்த கெஜாரா புள்ளி முறையில் வேகக் குற்றமும் அடக்கம். என் அப்பாவுக்கு லைசென்ஸ்தான் சோறு. அவர் லாரியில் 20 ஆண்டுகளுக்கும் மேல் கவனமாகக் காத்து வந்த பெயரில் நான் ஓட்டிய ஓட்டத்தின் கணக்கு ஏறுவதை நான் ஏற்கமாட்டேன் என்று சொன்னேன். அன்று இரவு வீட்டில் கொஞ்சம் சத்தம்தான். “எனக்காகப் பேசுறியா, உனக்காகப் பேசுறியா?” என்று கேட்டார். நான் எடுத்த படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். எத்தனையோ ஆண்டுகளாக இரவில் இந்த மாதிரிச் சாலைகளில் போய் வருபவர் அவர். “இந்தக் கிளை வெட்டி ரெண்டு வருஷமாவது இருக்கும்” என்றார். பிறகு, “சரி, உன் பேர்லயே எழுது. நான் சும்மா கூட வர்றேன்” என்றார்.

ஏழாம் நாள் என் பெயரில் முறையீடு கொடுத்தோம். ஓட்டியது நான் என்ற விவரம், ஒன்பது படங்கள், தூரம் குறித்த ஒரு சிறிய வரைபடம், எல்லாம் சேர்த்து நான்கு பக்கம். அதே நாளில் சாலையைப் பராமரிக்கும் தரப்புக்கும் தனியாக ஒரு புகார். அதில் சம்மனைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பள்ளி பஸ் நிற்கும் இடத்தை மட்டும் எழுதினேன். ஏற்கமாட்டோம் என்று பதில் வந்தால் விசாரணை கோருவேன். கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன். 150 என்ற எண் என் பார்வையில் இனி இல்லை.

அத்தை மகன் இதைக் கேட்டு, “உனக்குக் கிளை இருந்துச்சு, அதனால பேசுற” என்றான். அது உண்மைதான். கிளை இல்லாதிருந்தால் அவனைப் போலவே நானும் கட்டியிருப்பேன், 15 நாளுக்குள். அதில் எந்த வெட்கமும் இல்லை. போய்ப் பார்த்துவிட்டுக் கட்டுவதும், போய்ப் பார்த்துவிட்டு மறுப்பதும் எனக்கு ஒன்றுதான். பார்க்காமலே கட்டுவதையும் பார்க்காமலே கத்துவதையும்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சம்மன் அனுப்பும் தரப்புகளிடம் கேட்பதற்கு என்னிடம் ஒன்று இருக்கிறது. பெரிய செலவில்லாதது. வேகக் கேமரா நோட்டீசுக்குப் பின்னால் ஏற்கெனவே வண்டியின் படம், நேரம், இடம், வேகம் எல்லாம் இருக்கின்றன. அவற்றோடு அன்றைய தேதியில் அந்த இடத்து வேக வரம்புப் பலகையின் படம் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். ஓட்டுநர் வரும் திசையிலிருந்து, 60 மீட்டர் தள்ளி நின்று எடுத்த படம். நிலையான கேமரா என்றால் மாதத்துக்கு ஒரு படம் போதும். முக்காலியில் கேமரா வைக்கும் குழு என்றால், வேலையைத் தொடங்குமுன் ஒருவர் கொஞ்சம் பின்னால் நடந்துபோய்க் கைப்பேசியில் எடுத்து வரலாம், ஐந்து நிமிட வேலை. அத்தை மகனைப் போன்றவர்கள் ஒரு வாரம் கத்தாமல் அன்றே கட்டிவிடுவார்கள். கிளை மறைத்திருந்தால் அது அங்கேயே தெரிந்துவிடும், கேமராவை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.